‘லெட் யூ கோ’ என்றால் ‘நீங்க கிளம்பலாம்’ என்று அர்த்தமா? ஆபீஸ் ஆங்கிலத்தில் நம்மைக் கவிழ்க்கும் மரபுத்தொடர்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளிநாட்டில் இருக்கும் மேலாளருடன் வீடியோ கால். வழக்கத்துக்கு மாறாக எச்.ஆர். அதிகாரியும் இணைப்பில் இருக்கிறார். கம்பெனியின் நிலைமை பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மேலாளர் ரொம்பப் பணிவான குரலில் சொல்கிறார்: “வீ ஆர் கோயிங் டு ஹேவ் டு லெட் யூ கோ.”

‘சரி, இன்னைக்குச் சீக்கிரம் விடுறாங்க போல’ என்று நினைத்து, “தேங்க் யூ, ஹேப்பி வீக்கெண்ட்” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

அவர் சொன்னது விடுமுறை அல்ல, வேலை நீக்கம். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தில் வேலை என்ற சொல்லும் இல்லை, நீக்கம் என்ற சொல்லும் இல்லை. லெட், யூ, கோ என்று மூன்றுமே ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். தனித்தனியாக எல்லாம் தெரியும். சேர்ந்து வரும்போதுதான் வேறு ஒன்றைச் சொல்கின்றன.

இதைத்தான் ஆங்கிலத்தில் இடியம் என்கிறார்கள். தமிழில் மரபுத்தொடர். கடினமான ஆங்கிலச் சொல் வந்தால் நாம் உஷாராகி அகராதியைப் பார்த்துவிடுவோம். மரபுத்தொடரில் இருக்கும் சிக்கலே, அது நமக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருப்பதுதான்.

தமிழில் மட்டும் என்ன வாழுதாம்?

ஆங்கிலத்தைக் குறை சொல்லும் முன் நம் பேச்சைக் கொஞ்சம் கவனிப்போம். “அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்” என்று டெல்லி நண்பரிடம் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். “திருநெல்வேலி அல்வாவா? எனக்கும் கொஞ்சம்” என்பார். “காக்கா பிடிக்கிறான்” என்றால் பறவை பிடிப்பவர் என்று நினைப்பார். “கம்பி நீட்டிட்டான்”, “தண்ணி காட்டிட்டான்”, “கல்தா கொடுத்துட்டாங்க” எதுவும் அவருக்குப் பிடிபடாது.

நமக்கு மட்டும் எப்படிப் புரிகிறது? அல்வா என்ற சொல்லை ஆராய்ந்து அல்ல. யார், எந்தச் சூழலில், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான். ஆங்கில மரபுத்தொடருக்கும் இதே விதிதான். முழுத் தொடரையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு, சொல்பவர் எந்த நாட்டுக்காரர், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரு மொழிக்கும் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. முதலைக் கண்ணீர் அங்கேயும் முதலைக் கண்ணீர்தான். ‘ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்’ என்று நாம் சொன்னால், ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்கிறார். (நம் கணக்கில் உயிர்ச்சேதம் இல்லை.) ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு ‘அத்தி பூத்தாற்போல’ கச்சிதமாகப் பொருந்தும். நேர்காணலுக்கு முன் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர்களுக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். இந்தப் பட்டாம்பூச்சியை நம் சினிமா காதலுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்தில் அது எல்லாப் படபடப்புக்கும் பொது. ஆகவே மேலாளர் “ஐ ஹேவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்” என்று சொன்னால் தப்பாக நினைக்க வேண்டாம்.

ஒரு தொடர், ஒரு தூக்குத் தண்டனை

மரபுத்தொடரின் பொருள் நீதிமன்றம் வரை போய், ஓர் இளைஞரின் உயிரோடு சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று பிரிட்டனில் நடந்திருக்கிறது.

1952 நவம்பர் 2. தெற்கு லண்டன் பகுதியான குராய்டனில் ஒரு கிடங்கின் கூரை மீது இரண்டு பேர் திருட ஏறுகிறார்கள். ஒருவர் 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க். அவரிடம் துப்பாக்கி இருந்தது. இன்னொருவர் 19 வயது டெரெக் பென்ட்லி. போலீஸ் வருகிறது. துப்பறியும் காவலர் ஒருவர் பென்ட்லியைப் பிடித்துவிடுகிறார். கிரெய்க் சுடுகிறார். அந்தக் காவலர் தோளில் காயமடைகிறார். அதன்பின் சிறிது நேரம் கழித்து சிட்னி மைல்ஸ் என்ற காவலர் குண்டு பாய்ந்து இறக்கிறார். அப்போது பென்ட்லி ஏற்கெனவே போலீஸ் பிடியில் இருந்தார்.

விசாரணையில் போலீசார் ஒரு வாக்கியத்தைச் சாட்சியமாக வைத்தார்கள். கிரெய்க் சுடுவதற்கு முன் பென்ட்லி “லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்” என்று கத்தினார் என்பதுதான் அது.

இதற்கு என்ன அர்த்தம்? சொல்லுக்குச் சொல் எடுத்தால், ‘அது அவரிடம் இருக்கட்டும், கொடுத்துவிடு’. அதாவது துப்பாக்கியைப் போலீசிடம் ஒப்படைத்துவிடு. மரபுத்தொடராக எடுத்தால், ‘போடு அவனை’. அதாவது சுடு. தமிழில் இதற்கு ஓர் அச்சு அசலான இணை இருக்கிறது. “குடுத்துடுடா அவனுக்கு!” கையில் இருப்பதைக் கொடு என்றும் கேட்கலாம், ரெண்டு போடு என்றும் கேட்கலாம்.

அப்படி ஒரு வார்த்தையே பேசப்படவில்லை என்று பென்ட்லி, கிரெய்க் இருவருமே மறுத்தார்கள். அரசுத் தரப்பு இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியால் சுட்ட கிரெய்க் சிறுவர் என்பதால் தூக்கிலிருந்து தப்பினார். சுடாத பென்ட்லி 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வொர்த் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய குடும்பம் பல பத்தாண்டுகள் போராடியது. 1998 ஜூலை 30 அன்று, விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. தூக்கிலிட்டு 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தத் தொடரையே தலைப்பாக வைத்து 1991-ல் ஒரு படமும் வந்தது.

அந்த ஒரு வாக்கியத்தால் மட்டுமே தண்டனை கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் நிறைந்த நீதிமன்றத்திலேயே நாலு சின்னச் சொற்களுக்கு நேரெதிர் அர்த்தங்கள் எடுக்க முடிந்திருக்கிறது. நாம் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் காதும் அமெரிக்கக் காதும்

1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடி, “எ பிட் ஸ்டிக்கி” என்று பதில் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது’. உணர்ச்சியைக் குறைத்துப் பேசும் பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் அதன் பொருள், ‘நிலைமை கைமீறுகிறது’. அமெரிக்கக் காதில் அது ‘கஷ்டம்தான், ஆனால் சமாளித்துவிடுவோம்’ என்று விழுந்தது. பின்வாங்கும் உத்தரவும் போதிய உதவியும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படைப்பிரிவில் 500-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த இன்னொரு குழப்பத்தை வின்ஸ்டன் சர்ச்சில் தன் இரண்டாம் உலகப்போர் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஒரு அறிக்கையை அவசரமாக விவாதிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் விரும்பி, அதை ‘டேபிள்’ செய்யலாம் என்றார்கள். அமெரிக்கர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காரசாரமான வாக்குவாதம். கடைசியில்தான் தெரிந்தது, இரண்டு தரப்புக்கும் ஒரே ஆசை என்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதையே ஓரமாகத் தள்ளிவைப்பது, ஆறப்போடுவது.

நம் நாடாளுமன்றத்தில் மசோதாவை டேபிள் செய்தார்கள் என்று ஆங்கிலச் செய்தி வந்தால், அது தாக்கல் செய்யப்பட்டது என்று பொருள். நாம் பிரிட்டிஷ் வழி. அமெரிக்க கிளையன்ட் “லெட்ஸ் டேபிள் திஸ்” என்று சொன்னால் அடுத்த ஸ்லைடைப் போட்டு விளக்க ஆரம்பிக்காதீர்கள். அவர் ‘இதை இப்போதைக்கு விட்டுடுங்க’ என்கிறார்.

‘கொயட் குட்’ இன்னொரு சிக்கல். அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ ரகம். லண்டன் மேலாளர் உங்கள் ரிப்போர்ட்டை ‘கொயட் குட்’ என்று சொன்னால் ட்ரீட் வைக்கக் கொஞ்சம் பொறுங்கள்.

விளையாட்டிலிருந்து வந்த தொடர்களும் இப்படித்தான். ‘ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்’, ‘ஹிட் ஃபார் சிக்ஸ்’ எல்லாம் நமக்குச் சொல்லித் தர வேண்டாம், கிரிக்கெட் பார்க்கிறோம். அமெரிக்கருக்கு இவற்றில் பாதி புரியாது. அவர் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர். “கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்” என்று கேட்டால், உத்தேசமாக எவ்வளவு வரும் என்று கேட்கிறார். பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம். ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்டு’ என்றால் கொஞ்சமும் எதிர்பாராமல் வந்தது.

ஹாட்ரிக் மட்டும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது. 1858-ல் எச்.எச். ஸ்டீபன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்ததற்காகப் பணம் வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தொப்பிதான் இன்று தேர்தல் வெற்றி வரைக்கும் வந்து நிற்கிறது.

வேலை தேடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

வேலை விளம்பரத்தில் ‘ஹிட் தி கிரவுண்ட் ரன்னிங்’ என்று இருந்தால், முதல் நாளிலிருந்தே தானாக வேலை செய்யத் தெரிந்தவர் வேண்டும், பெரிதாகப் பயிற்சி எதுவும் இருக்காது என்று பொருள். ‘வேர் மெனி ஹேட்ஸ்’ என்றால் ஒரே சம்பளத்தில் நாலு பேர் வேலை. (இரண்டாவது பாதி என் சொந்த அனுபவ மொழிபெயர்ப்பு.) நேர்காணல் முடிந்து “வீ வில் கீப் யுவர் சி.வி. ஆன் ஃபைல்” என்று சொன்னால் நம்பிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் அது இல்லை என்பதை நாசூக்காகச் சொல்வது. வேறு இடத்தில் தேடிக்கொண்டே இருங்கள்.

நாமே வாய்விட்டு மாட்டிக்கொள்ளும் தொடர்களும் உண்டு. வேலையைச் சுருக்கமாக, புத்திசாலித்தனமாக முடிப்பேன் என்று சொல்ல நினைத்து, “ஐ நோ ஹவ் டு கட் கார்னர்ஸ்” என்று சொல்லிவிட்டால் போச்சு. ‘தரத்தைக் குறைத்து ஒப்பேற்றுவேன்’ என்று அது பொருள்படும். “ஐ கேன் புல் ஸ்ட்ரிங்ஸ்” என்றால் திறமையாக நிர்வகிப்பேன் என்று அர்த்தமில்லை. சிபாரிசு பிடித்துக் காரியம் சாதிப்பேன் என்று அர்த்தம். ‘ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ்’ என்று ரெஸ்யூமேவில் பெருமையாகப் போட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் மனசில் இருப்பது சகலகலா வல்லவன். ஆங்கிலம் பேசுபவர் காதில் அதன் மிச்சப் பாதியும் சேர்ந்தே ஒலிக்கும்: எதிலும் முழுத் தேர்ச்சி இல்லாதவர்.

வேலையில் சேர்ந்த பிறகு பந்து விளையாட்டு ஆரம்பிக்கும். “தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்” என்றால் முடிவெடுக்க வேண்டியது இனி நீங்கள்தான். “யூ ட்ராப்டு தி பால்” என்றால் நீங்கள் சொதப்பிவிட்டீர்கள். முன்னதற்கு ஒரு பதில் மெயில் போதும். பின்னதற்குக் காரணமும் திருத்தமும் சொல்ல வேண்டும். மீட்டிங் நடுவே “லெட்ஸ் டேக் திஸ் ஆஃப்லைன்” என்று மேலாளர் சொன்னால் இன்டர்நெட்டைத் துண்டிக்கச் சொல்லவில்லை. இதை எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம், அப்புறம் தனியாகப் பேசுவோம் என்கிறார். அதற்கு மேலும் அங்கேயே வாதாடினால் அவருக்கு எரிச்சல் வரும்.

தேதி மாற்றங்களில் ரொம்ப ஜாக்கிரதை தேவை. புதன்கிழமை மீட்டிங்கை ‘பிரிங் ஃபார்வர்டு’ செய்தால் அது முன்கூட்டியே நடக்கும். ‘புஷ் பேக்’ செய்தால் தள்ளிப்போகும். இதே ‘புஷ் பேக்’ வேறு இடத்தில் வந்தால் எதிர்ப்புத் தெரிவிப்பது என்றும் பொருள். “மூவ்டு ஃபார்வர்டு பை டூ டேஸ்” என்று சொன்னால், திங்களா வெள்ளியா என்பதில் ஆங்கிலேயர்களே இரண்டு கட்சி. யாராக இருந்தாலும் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நம் ‘ப்ரீபோன்’ எவ்வளவு தெளிவான சொல்! போஸ்ட்போனுக்கு எதிராக இந்தியர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஆட்கள் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

நமக்கு நாமே உருவாக்கிய ஆங்கிலம்

ப்ரீபோன் போல இந்திய ஆங்கிலத்துக்கே உரிய தொடர்கள் நிறைய. அவற்றைத் தப்பு என்று ஒதுக்குவது நியாயமில்லை. கோடிக்கணக்கானோர் பேசி ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ளும் மொழி அது. கேள்வி ஒன்றுதான்: எதிரே இருப்பவருக்குப் புரியுமா?

“ஐ பாஸ்டு அவுட் இன் 2022” என்று வெளிநாட்டு நேர்காணலில் சொன்னால், ‘2022-ல் மயங்கி விழுந்தேன்’ என்று கேட்கும். பாசிங் அவுட் பரேடு என்று சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடப்பது சரியான பிரயோகம்தான். ராணுவ, காவல் பயிற்சிக்கு அது பொருந்தும். கல்லூரிக்கு ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுவது நல்லது. “ஐ வில் ரிவர்ட்” என்று நாம் பதில் தருவதாகச் சொல்கிறோம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் பிரச்சினை இல்லை. மற்ற இடங்களில் ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. சாஃப்ட்வேர் துறையில் இது வம்பு. கோடில் செய்த மாற்றத்தை ரிவர்ட் செய்யப்போகிறீர்களோ என்று கிளையன்ட் பதறுவார்.

“டூ தி நீட்ஃபுல்” பிரிட்டிஷ்காரர்கள் விட்டுவிட்டுப் போன பழைய அலுவலக நடை. அவர்களே மறந்துவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். என் கருத்தில் அதன் உண்மையான குறை பழமை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான். “வெள்ளிக்கிழமைக்குள் இன்வாய்ஸை அப்ரூவ் செய்யுங்கள்” என்று எழுதினால் வேலை நடக்கும். ராஜினாமாவுக்கு ‘புட் டவுன் பேப்பர்ஸ்’, வெளியூர் போனதற்கு ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ இரண்டும் நம் எல்லையைத் தாண்டினால் பலருக்குப் புரியாது.

‘பைஹார்ட் பண்ணு’ என்று ஸ்கூலில் கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தில் ‘லேர்ன் பை ஹார்ட்’ என்பதே தொடர். ‘ஐ பைஹார்ட்டட்’ என்று தனி வினையாக வராது.

நர்ஸ் வேலைக்குப் பிரிட்டன் போகிறீர்களா?

தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி பிரிட்டிஷ் மருத்துவமனைக்குப் போகும் நம் ஊர் நர்ஸ்களை, பாடப்புத்தகத்தில் இல்லாத ஆங்கிலம் வார்டில் வரவேற்கும். வயதான பாட்டி “ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி” என்றால் காசு கேட்கவில்லை, கழிவறைக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் பொதுக் கழிவறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி போட வேண்டியிருந்ததால் வந்த தொடர். “ட்ரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்” என்று தாத்தா சொன்னால் வீட்டுக் குழாய் ரிப்பேர் இல்லை, சிறுநீர்த் தொந்தரவு.

‘அண்டர் தி வெதர்’ என்றால் லேசாக உடம்பு முடியவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு இதைச் சொன்னால் பொருந்தாது. ‘ஆன் தி மெண்ட்’ என்றால் தேறி வருகிறார். ‘டச் அண்ட் கோ’ என்றால் எதுவும் சொல்ல முடியாத அபாய நிலை. ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளியின் நிலையைச் சொல்லும்போது கடைசி இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் விளைவு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் பேசும்போது மரபுத்தொடரே வேண்டாம். வலி எங்கே, எவ்வளவு நேரமாக என்று நேராகக் கேளுங்கள்.

இறப்புச் செய்தியில் தவறினால் மன்னிப்பே கிடையாது. ‘கிக் தி பக்கெட்’ என்பது ‘மண்டையைப் போட்டுட்டான்’ ரகம். யாருடைய அப்பா இறந்ததற்கும் அதை எழுதக்கூடாது. ‘பாஸ்டு அவே’ போதும். நாம் எழுதும் ‘எக்ஸ்பயர்டு’ மற்ற நாட்டவருக்கு மருந்து டப்பாவையும் பாஸ்போர்ட்டையும் நினைவூட்டும். யாராவது “சாரி ஃபார் யுவர் லாஸ்” என்று சொன்னால், அது மன்னிப்புக் கேட்பது அல்ல, ஆறுதல். “இட்ஸ் ஓகே, நோ ப்ராப்ளம்” என்று பதில் சொல்லாமல் “தேங்க் யூ” என்று சொல்லுங்கள்.

பயன்படுத்தும்போது எங்கே சறுக்குகிறோம்?

மரபுத்தொடரில் நம் இஷ்டத்துக்குச் சொல்லை மாற்ற முடியாது. ‘புல்லிங் மை லெக்’ என்றால் கிண்டல் செய்வது. உங்களுக்கு இரண்டு கால் இருக்கிறது என்பதற்காக ‘லெக்ஸ்’ என்று பன்மை ஆக்கினால் யாரோ காலைப் பிடித்து நிஜமாகவே இழுக்கிறார்கள். ‘ஸ்பில் தி பீன்ஸ்’ என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. ‘தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு’ என்று திருப்பிப் போட்டாலும் அர்த்தம் நிற்கும். ‘தி பக்கெட் வாஸ் கிக்டு’ என்று திருப்பினால் மரணம் மறைந்து வாளி மட்டும் மிஞ்சும். எது வளையும், எது வளையாது என்று சொல்லும் எளிய சூத்திரம் இல்லை. கேட்ட வடிவத்திலேயே சொல்வதுதான் பாதுகாப்பு.

ஸ்கூல் கட்டுரையில் கற்ற ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இன்று அன்றாடப் பேச்சில் அபூர்வம். ‘இட்ஸ் போரிங்’ என்பார்கள். (சலிப்பு அல்ல, ஊற்றுகிறது என்ற பொருளில், உச்சரிப்பு ஒன்றுபோல் கேட்டாலும் வேறு சொல்.)

இந்த நாய், பூனை மழைக்கு ஒரு கதையும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அந்தக்கால வைக்கோல் கூரையில் படுத்திருந்த விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்தனவாம். 1999-ல் பரவிய ஒரு மின்னஞ்சல் இந்தக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு ஆதாரம் கிடையாது. இந்தியாவுக்கும் ஒரு கட்டுக்கதை உண்டு. ‘போஷ்’ என்ற சொல், கப்பலில் இந்தியா வரும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் வெயில் படாத அறை வாங்கிய பணக்காரர்களின் டிக்கெட்டில் அச்சிட்ட சுருக்கம் என்பார்கள். அப்படி ஒரு டிக்கெட்டை இதுவரை யாரும் காட்டியதில்லை. கதை ஜோராக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம்.

மாறாக, ‘அட் தி இலெவன்த் ஹவர்’ எங்கிருந்து வந்தது என்பது உறுதி. பைபிளில் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில், பதினோராம் மணி நேரத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் உவமை. அந்தக் கணக்கில் நாளே பன்னிரண்டு மணி நேரம்தான். அதனால் அது கடைசி நேரம். கடிகாரத்தில் 11 மணி அல்ல.

புதிதாக ஒரு தொடர் கண்ணில் பட்டால் தனியாகப் பிய்த்துத் தேடாமல் முழு வாக்கியத்தோடு தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசம். அவற்றில் அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பக்கத்திலேயே இது பேச்சு வழக்கு, இது பழையது, இது கேலிக்கு, இது பிரிட்டிஷ், இது அமெரிக்க வழக்கு என்று சின்ன எழுத்தில் குறித்திருப்பார்கள். நமக்கு அந்தக் குறிப்புதான் முக்கியம். ஒரு தொடரை மூன்று வெவ்வேறு ஆட்கள் சொல்லிக் கேட்கும் வரை நீங்கள் சொல்லாமல் இருக்கலாம். புரிந்துகொள்ள நூறு தொடர் தெரிய வேண்டும். பேசுவதற்குப் பத்து போதும்.

மீட்டிங்கிலேயே ஒன்று புரியவில்லை என்றால்? சிரித்துத் தலையாட்டிவிடுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, “ஜஸ்ட் டு பி கிளியர், வாட் டஸ் தட் மீன் ஃபார் மீ?” என்று கேளுங்கள். இது எனக்கு என்ன மாற்றத்தைத் தரும் என்ற கேள்வி. உங்கள் ஆங்கில அறிவை யாரும் இதில் சந்தேகப்பட மாட்டார்கள். பொறுப்பாகக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கேட்டால் தொடரைச் சொன்னவரே சாதாரண ஆங்கிலத்துக்கு இறங்கி வந்தாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காலிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். ‘லெட் யூ கோ’ என்று காதில் விழுந்தால், கடைசி வேலை நாள் எது, நோட்டீஸ் காலச் சம்பளம் எவ்வளவு, மிச்ச விடுப்புக்குப் பணம் உண்டா, அனுபவச் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டு, எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வந்து படித்துப் பார்க்கும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.